சுழியம் கூட்டல்

ஆழ்குடியில் யாரும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதில்லை. மூடினால் என்ன ஆகும் என்பது லூர்துக்கு ஒருநாள் காலைப் பலகாரத்தின்போது தெரிந்தது. ஏழு பேருக்கு ஆளுக்கு இரண்டு இட்லி, கையிருப்பாக இன்னும் நான்கு. இதுதான் அவன் கேட்க நினைத்தது. சொன்னதைக் கேட்டுக் கணக்கிட்டுத் தரும் கணினியான செவிக்கணியிடம் "நான்கு கூட்டல் இரண்டு" என்று சொன்னவனுக்குக் கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். பிறகு "பெருக்கல் ஏழு ஆகட்டும்" என்றான். பதினெட்டு இட்லி வரவேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு வந்தது. மறுநாள் வரை எல்லோரும் இட்லி உப்புமா தின்றார்கள்.

செவிக்கணி தவறு செய்யவில்லை. ஒரு கணக்கில் கூட்டலும் பெருக்கலும் கலந்து வந்தால் பெருக்கலை முதலில் முடிக்க வேண்டும் என்பது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். இரண்டை ஏழால் பெருக்கிப் பதினான்கு, அதோடு நான்கு. கூட்டலை முதலில் செய்யவேண்டும் என்றால் அதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். தாளில் போடலாம். வாயால் எப்படிப் போடுவது?

செவிக்கணியை வடிவமைத்தவர்கள் இதற்கு மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டல், பெருக்கல் போன்ற ஒரு குறிச்சொல்லுக்குப் பிறகு மூன்று நொடி பேசாமல் இருந்தால் அடைப்பு திறக்கும். ஓர் எண்ணுக்குப் பிறகு பேசாமல் இருந்தால் அடைப்பு மூடும். மூடுவதற்கு எதுவும் திறந்திருக்கவில்லை என்றால், அதுவரை பேசியவர் சொன்ன முழுவதையும் ஓர் அடைப்புக்குள் போட்டுவிடும். "ஆகட்டும்" என்றால், அவர் திறந்ததை மூடிக் கணக்கை ஓடவிடும். லூர்தின் கொட்டாவி நான்கையும் இரண்டையும் அப்படித்தான் உள்ளே தள்ளியது.

விசைப்பலகையும் தொடுதிரையும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தூத்துக்குடிக் கரையிலிருந்து படகில் அரைநாள் தொலைவில், கடலடியில், அவை நிலைப்பதில்லை. உப்பீரம் ஓர் ஆண்டுக்குள் எல்லாவற்றையும் அரித்துவிடும். அடிநீரோட்டத்தில் சுழலும் மின்சுழலிகளைப் பார்த்துக்கொள்ள நாற்பது சொச்சம் பேர் அங்கே குடியிருந்தார்கள். காற்று, விளக்கு, சோறு, மருந்து எல்லாவற்றையும் வாயால்தான் கேட்டார்கள். செவிக்கணி எல்லா அறைகளிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதனால் அங்கே பேச்சு மாறிப்போனது. எண்ணோடு மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்றாலும், நாவுக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பழக்கம் வராது. எதைச் சொன்னாலும் இடைவெளி விடாமல் சொன்னார்கள். யோசிக்க வேண்டியிருந்தால் "ம்ம்ம்" என்று இழுத்தார்கள். புதிதாக இறங்கி வருகிறவர்களுக்கு ஆழ்குடி ஒரு தேன்கூட்டைப் போலக் கேட்கும். சில வாரங்களில் அவர்களும் இழுக்கத் தொடங்குவார்கள். பேசாமல் இருந்து கோபத்தைக் காட்டும் வழி கணவன் மனைவிக்குள்ளேகூட இல்லாமல் போயிற்று.

அன்று காலை ஏற்றறைக்குள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ரெய்மண்ட், ஏற்றறைக் கணக்கைச் சரிபார்க்கும் செசிலியின் கணவன். இன்னொருவன் அவனோடு வேலை செய்யும் முக்குளிப்பவன். இருவரும் விடுப்பில் கரைக்குப் போகிறார்கள். ஆழ்குடிக்குள் காற்று கடலின் அழுத்தத்திலேயே இருப்பதால் நேராக மேலே போக முடியாது. போனால் இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு சோடா போலப் பொங்கி ஆளைக் கொன்றுவிடும். ஏற்றறைக்குள் உட்கார வைத்து, அழுத்தத்தை மெல்லக் குறைத்து, அறையையே மேலே தூக்குவார்கள். முதலில் பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு. அதன்பின் மூன்று படிகள், படிக்கு நான்கு மணி. ஆக இருபத்து நான்கு. அறைக்குள் வைக்கும் மூச்சுக்காற்று முப்பது மணிக்கு வரும். கதவு ஒருமுறை பூட்டிக்கொண்டால் கணக்கு ஓடி முடிந்த பிறகுதான் திறக்கும்.

அந்தக் கணக்கைச் சொல்பவருக்குச் சொல்லாளர் என்று பெயர். அன்றைய சொல்லாளர் பிலவேந்திரன். ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது ஆண்டுகளாகக் கீழே இருக்கிறார். சொல்லறையில் அவருக்குப் பக்கத்தில், சொல்வதைச் சரிபார்க்கும் இடத்தில் செசிலி நின்றாள். சற்றுத் தள்ளி, கரையிலிருந்து வரும் தொலைபேசியை லூர்து எடுத்தான்.

"பன்னிரண்டு கூட்டல்" என்றார் பிலவேந்திரன்.

"ஆங் சொல்லுங்க கேக்குது ஆமா இங்கதான் நிக்காவ என்னது எப்பம் ஐயையோ பிலவேந்திரன் மாமா ஒங்க தம்பி இன்னாசி அண்ணன் காலையில போயிட்டாவளாம்."

வேறு ஊராக இருந்தால் லூர்து தொலைபேசியை வைத்துவிட்டு, கணக்கு முடியட்டும் என்று நின்றிருப்பான். ஒரு சொல்லை வாய்க்குள் வைத்திருக்கும் பழக்கம் ஆழ்குடியில் யாருக்கும் இல்லை.

பிலவேந்திரன் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்லிய மணி ஒன்று ஒலித்தது. அடைப்பு திறந்தது என்று பொருள்.

"மாமா" என்றாள் செசிலி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் சொல்லறை நிரம்பிவிட்டது. ஆளுக்கு ஆள் அவர் தோளைத் தொட்டார்கள். இன்னாசி நல்ல மனிதன் என்றார்கள், நெஞ்சுவலி அவர்கள் குடும்பத்தில் இருப்பதுதான் என்றார்கள், எல்லாம் ஒரே மூச்சில். ஆழ்குடியின் மேலாளர் மச்சாது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு எதையும் நின்று யோசித்துப் பழக்கமில்லை.

"கணக்கு எங்க நிக்கி?"

"பன்ரெண்டு கூட்டல்னு சொன்னாவ சார் அடைப்பு தொறந்துட்டு" என்றாள் செசிலி.

"வேற யாராவது மூடலாம்லா?"

"முடியாது சார் தொறந்த கொரலுதான் மூடணும் ரத்துப் பண்ணுததுக்கும் அவ்வதான் சொல்லணும்."

முன்பு ஒருவர் கணக்கில் இன்னொருவர் வாயை வைத்து விபத்து நடந்ததால் வந்த விதி அது. செவிக்கணியையே அணைத்துவிடலாம். அணைத்தால் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களும் நிற்கும், மறுபடி எழ ஒரு முழுநாள் ஆகும். அதைப் பற்றி மச்சாது பேசவே இல்லை.

சுவரிலிருந்த பேச்சுக்குழாய் கரகரத்தது. "ஏ செசிலி எங்களப் பூட்டிட்டு மறந்துட்டீயளா இங்க இவன் வயித்துச் சத்தம் சுழலிச் சத்தத்தவிடப் பெரிசா இருக்கு" என்றது ரெய்மண்டின் குரல்.

"கொஞ்சம் இரிங்க கணக்கு நிக்கி பிலவேந்திரன் மாமாவுக்குத் தம்பி தவறிட்டாவ."

அந்தப் பக்கம் "ம்ம்ம்" என்று இழுபட்டது. பிறகு "எவ்வளவு நேரம் நிக்கலாம்?" என்று கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை.

"ஆறு மணி நேரம்" என்றாள்.

முப்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் ஆறு. அது அவனுக்கும் தெரியும்.

கூட்டத்தில் யாரோ பிலவேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். "மாமா மொதல்லேர்ந்து சொல்லிருங்க மாமா ஒரே மூச்சில சொல்லிட்டீயன்னா முடிஞ்சிட்டு பன்ரெண்டுலேர்ந்து ஆரம்பிங்க." இன்னொருவர் அதையே சொன்னார். லூர்தும் அழுதுகொண்டே அதையே சொன்னான். இடையில் அறுந்துபோன பேச்சை முதலிலிருந்து தொடங்குவதுதான் மனித வழக்கம்.

பிலவேந்திரனின் உதடுகள் பிரிந்தன. "பன்" என்று ஏதோ வந்தது. செசிலி பாய்ந்து தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"என்னளா செய்யுத?" என்று கத்தினார் மச்சாது.

"பன்ரெண்டு ஏற்கெனவே உள்ள போயிட்டு சார் அவ்வ மறுபடி மொதல்லேர்ந்து சொன்னா ரெண்டு பன்ரெண்டு ஆயிரும்."

அறைச் சுவரில் ஈரம் பனித்திருந்தது. அதில் விரலால் எழுதினாள். 12 + ( 12 + 3 × 4 ). முப்பத்தாறு. மூச்சுக்காற்று முப்பது மணிக்கு. எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு, எண்கள் வழிந்து இறங்குவதற்குள் புறங்கையால் அழித்தாள்.

மச்சாது அழிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி அப்ப மூணுலேர்ந்து சொல்லட்டும் ஆனா நடுவுல நிறுத்திட்டாருன்னா இட்லிக் கதை ஆயிரும்லா அறுவது மணின்னு வந்துரும்."

அது எல்லோருக்கும் இருந்த பயம். பன்னிரண்டையும் மூன்றையும் கூட்டிப் பதினைந்து, அதை நான்கால் பெருக்கி அறுபது. செசிலிக்கும் அந்தப் பயம் இருந்தது. மறுபடி சுவரில் எழுதினாள். பிலவேந்திரன் நிறுத்திய இடத்தில் அடைப்பைத் திறந்து வைத்தாள். அவர் மூன்று என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் என்ன? அடைப்பு மூன்றை மட்டும் சுற்றி மூடும். பெருக்கல் என்று சொல்லி நிறுத்தினால்? இன்னோர் அடைப்பு நான்குக்காகத் திறக்கும். ஒரே மூச்சில் சொன்னால்? மூன்றும் நான்கும் ஒன்றாக அடைப்புக்குள் இருக்கும். பெருக்கல் எப்படியும் முதலில் செய்யப்பட வேண்டியது. அதைச் சுற்றி எத்தனை அடைப்பு போட்டாலும் ஒன்றும் மாறாது.

மூன்று வழியிலும் போட்டுப் பார்த்தாள். மூன்றிலும் இருபத்து நான்குதான் வந்தது.

"சார் மாமா எங்க வேணும்னாலும் நிறுத்தலாம் ஆறு மணி நேரத்துக்குள்ள எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிறுத்தலாம் கூட்டலுக்குப் பொறவு நிறுத்தினதால தப்பிச்சோம் மூணுக்குப் பொறவு நிறுத்தியிருந்தாத்தான் அறுவது."

"அப்ப நாம என்ன செய்யணும்?"

"வெளிய போணும்."

அவர்கள் போகவில்லை. போக முடியவில்லை என்பதே சரி. வாசலில் நின்றுகொண்டு, பிலவேந்திரனுக்குக் கேட்காது என்று நினைத்த குரலில், தொடர்ந்து பேசினார்கள். கடைசியில் மச்சாது தானே அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

செசிலி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாமா பன்ரெண்டு சொல்லிட்டீய அது போயிட்டு இனி மூணுலேர்ந்து" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு பேசாமல் இருந்தாள்.

அது எளிதாக இல்லை. முதலில் தொண்டைக்குள் ஓர் ஊறல். தன்னை அறியாமல் "ம்ம்ம்" என்று தொடங்கி, உதட்டைக் கடித்து நிறுத்தினாள். அப்புறம் காது. பம்புகளின் சத்தம், எங்கோ ஒரு குழாயின் சொட்டு, தன் மூச்சு. ஐந்து ஆண்டுகளாக இந்த அறையில் வேலை செய்கிறாள். இங்கே ஒரு குழாய் சொட்டுகிறது என்பது இன்றுதான் தெரிகிறது. ஏற்றறைக் கண்ணாடிக்கு அப்பால் ரெய்மண்டின் முகம் தெரிந்தது. அவன் கையை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள்.

பன்னிரண்டைச் சொன்ன மனிதருக்கு ஒரு தம்பி இருந்தான் என்று அவள் நினைத்தாள். மூன்றைச் சொல்ல வேண்டியவருக்கு இல்லை. செவிக்கணிக்கு இருவரும் ஒரே குரல். இந்த இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது காத்திருந்தது. ஆழ்குடியிலேயே அதற்கு மட்டும்தான் காத்திருக்கத் தெரிந்திருந்தது.

ஒரு கட்டத்தில் பிலவேந்திரன் அழுதார். பிறகு அதுவும் நின்றது. வெளியே மச்சாதுவின் நிழல் கதவுக் கண்ணாடியில் வந்து வந்து போயிற்று. ஆறு மணி நேரத்தில் பாதிக்குமேல் கழிந்திருந்தது.

"மூன்று" என்றார் பிலவேந்திரன்.

மௌனம். மணி ஒலித்தது. அடைப்பு மூடியது. கதவுக்கு வெளியே பெருமூச்சும் "ஐயோ நிறுத்திட்டாவளே" என்ற லூர்தின் குரலும் கேட்டன. செசிலி அசையவில்லை. தான் சுவரில் எழுதியது சரிதானா என்று மனதுக்குள் இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள்.

"பெருக்கல்."

மறுபடி மௌனம். மறுபடி மணி.

"நான்கு ஆகட்டும்."

"இருபத்து நான்கு" என்றது செவிக்கணி. ஏற்றறையின் முள் அசைந்தது.

பிலவேந்திரன் எழுந்தார். கதவருகே போய் நின்று திரும்பிப் பார்த்தார். "நீ ஒருத்திதாம்ளா சும்மா இருந்த" என்றார். பிறகு, எதையோ ஒப்புக்கொள்பவர் போல, "நல்லா இருந்துச்சு" என்றார்.

ஏற்றறை மேலே போய், திரும்பி வந்து, அவர் முறை வருவதற்குள் இன்னாசியின் அடக்கம் முடிந்துவிட்டது. "இனிப் போயி மண்ணைப் பாக்கவா" என்று அவர் போகவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் சில நாள் கழித்து வேறொன்று கேட்டு செசிலியிடம் வந்தார்.

"அன்னைக்கு மாதிரி கொஞ்ச நேரம் இருக்கணும்ளா வழி உண்டா?"

"சும்மா இருக்கதுக்கு என்ன மாமா?"

"இருந்து பாத்தேன் யாரும் விட மாட்டேங்காவ பக்கத்துல வந்து வந்து பேசுதாவ அடைப்பு தொறந்திருந்தாத்தான் பயந்துகிட்டு தள்ளி நிக்காவ."

அவர் சொன்னது சரி. அந்த மணி ஒலித்தால் மட்டுமே ஆழ்குடிக்காரர்கள் ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். செசிலி யோசித்து ஒரு வழி சொன்னாள். "சுழியம் கூட்டல்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது. அடைப்பு திறக்கும். வேண்டிய நேரம் இருந்துவிட்டு "சுழியம் ஆகட்டும்" என்று முடிப்பது. சுழியத்தோடு சுழியத்தைக் கூட்டினால் சுழியம். யாருடைய காற்றும் குறையாது, யாருடைய விளக்கும் மங்காது. மச்சாதுவுக்கு இதை ஓர் அறிக்கையாகவே கொடுத்தாள். விடையை மாற்றாத அடைப்பு என்று அதில் விளக்கியிருந்தாள். அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு அனுமதித்தார்.

முதலில் பிலவேந்திரன் மட்டும்தான் செய்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொருவர். பிறகு சமையல்காரர்கள். லூர்து பந்தயம் போட்டு உட்கார்ந்தான். "பத்து நிமிசம் நீ வாய மூடுனா நான் மீசைய எடுக்கேன்" என்று சொன்னவன் மீசையை எடுக்க வேண்டியதாயிற்று. லூர்து வெளியே வந்து எதையும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் உட்கார்ந்தான்.

விடுப்பு முடிந்து இறங்கிவந்த ரெய்மண்ட், "என்ன ஊரே அடங்கிக் கெடக்கு" என்றான். ஒரு வாரத்தில் அவனும் தொடங்கினான். ஒருநாள் அவனும் செசிலியும் சண்டை போட்டார்கள். அவன் "சுழியம் கூட்டல்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு முதலில் கோபமும் பிறகு சிரிப்பும் வந்தது.

எப்போதாவது சோறு கொஞ்சம் தாமதமாக வந்தது. குளியல் நீர் சூடாகச் சற்று நேரம் பிடித்தது. செவிக்கணி ஒவ்வொருவர் கேட்பதையும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. அன்றைய கேட்புகள் எல்லாவற்றையும் கூட்டல் குறியால் ஒன்றோடொன்று கோத்து, நாள்தொகை என்று ஒரே கணக்காகத்தான் வைத்திருக்கும். யாராவது ஓர் அடைப்பைத் திறந்து வைத்திருந்தால் தொகை அதற்காக நிற்கும். பத்து நிமிடத் தாமதத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்காகப் பிலவேந்திரன் புறப்பட்ட அன்று ஆழ்குடி முழுவதும் ஏற்றறைக்கு முன்னால் கூடியது. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"பேச்சுக்குழாய உள்ளேயிருந்து அடைச்சிருதேன் யாரும் கூப்பிடக் கூடாது" என்றார். "மேல போயி கதவு தொறந்த பொறவுதான் வாயத் தொறப்பேன் என் தம்பிக்கு நான் குடுக்கது அதுதான்."

"சோறு தண்ணி எல்லாம் உள்ள இருக்கு மாமா" என்றாள் செசிலி.

"இருக்கட்டும்ளா."

அவர் உள்ளே போனார். கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடி வழியே அவர் குழாயை அடைப்பதும், சுவர் பக்கமாகத் திரும்பி உட்கார்வதும் தெரிந்தது. லூர்துதான் ஆரம்பித்தான். அவருக்கு மரியாதையாகச் சற்று நேரம் எல்லோரும் இருப்போம் என்று யாரிடமும் சொல்லாமல், "சுழியம் கூட்டல்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். மணி ஒலித்தது. அடுத்து ரெய்மண்ட். அடுத்து மச்சாது. ஒருவர் பின் ஒருவராக, மணி நிற்காமல் ஒலித்தது.

செசிலி கணக்கைச் சொன்னாள். "பன்னிரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு ஆகட்டும்."

"கேட்டேன்" என்றது செவிக்கணி.

அவள் கடைசியாக "சுழியம் கூட்டல்" என்றாள். கண்ணை மூடினாள். நாற்பது பேர் நின்ற கூடத்தில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. மணி ஒலித்தது. இன்னொரு முறையும் மெல்ல ஒலித்ததுபோல் இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆழ்குடிக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஓர் அமைதியை அவள் அனுபவித்ததில்லை.

கால் மணி கழிந்ததும் லூர்து கண்ணைத் திறந்தான். "சுழியம் ஆகட்டும்."

"உங்களுக்கு உள்ளே ஓர் அடைப்பு திறந்திருக்கிறது. முதலில் அது" என்றது செவிக்கணி.

லூர்து ரெய்மண்டைப் பார்த்தான். ரெய்மண்ட் சொல்லிப் பார்த்தான். அதே பதில். மச்சாதுவுக்கும் அதே பதில். ஒரே நாள்தொகை. அதில் ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது அடுத்தவர் திறப்பது அவருக்கு உள்ளேதான் போய் அமரும். அடைப்புக்குள் அடைப்பு இருந்தால் உள்ளே இருப்பதுதான் முதலில் முடிய வேண்டும். இதுவும் பள்ளியில் எல்லோரும் படித்ததுதான்.

"கடைசியா ஆரம்பிச்சது யாருல?" என்றார் மச்சாது.

"நான்தான் சார்" என்றாள் செசிலி. "நான் மூடினா வரிசையா எல்லாரும் மூடிரலாம்." செவிக்கணியின் பக்கம் திரும்பினாள். "சுழியம் ஆகட்டும்."

"உங்களுக்கு உள்ளே ஓர் அடைப்பு திறந்திருக்கிறது. முதலில் அது."

கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் பேசாமல் இல்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். செசிலி ஏற்றறையின் முள்ளைப் பார்த்தாள். அது அடியிலேயே நின்றது.

"நீ கணக்குச் சொன்னியேளா?" என்றார் மச்சாது.

"சொன்னேன் சார். அதுவும் இந்த அடைப்புகளுக்கு உள்ளதான் நிக்கி. நாள்தொகை முடிஞ்சாத்தான் அது ஓடும்."

அவள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிலவேந்திரனின் முதுகு தெரிந்தது. பேச்சுக்குழாயை அடைத்துவிட்டார். செவிக்கணியின் செவி உள்ளேயும் இருக்கிறது. அதனிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கத் தேவையில்லை. கடைசியாக மெல்ல ஒலித்த மணி அவருடையது. மேலே போய்க் கதவு திறக்கும்வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் வாயைத் திறக்காமல் அறை மேலே போகாது. உள்ளே மூச்சுக்காற்று முப்பது மணிக்குத்தான் வரும்.

மௌனத்தின் மதிப்பு சுழியம் என்று அறிக்கையில் எழுதியவள் அவள்தான். அது தவறில்லை. இப்போதும் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் விடை இருபத்து நான்குதான். மதிப்பை மட்டும் பார்த்திருந்தாள். ஒன்றுமில்லாதது எதையும் மாற்றாது. ஆனால் அதை அடைப்புக்குள் வைத்துவிட்டால் மற்ற எல்லாமும் அதற்குப் பின்னால்தான் நிற்கும்.

"மாமா" என்று கத்தினாள். கண்ணாடி நான்கு விரல் தடிமன்.

நாற்பது பேரும் கத்தினார்கள். மாமா பேசுங்க, அண்ணே பேசுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. லூர்து ஒரு திருகுசாவியை எடுத்துவந்து இரும்புச் சுவரில் அடித்தான். டொக், டொக், டொக். ரெய்மண்ட் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அடிக்காதல. அழுத்தம் எறங்கும்போது செவரு அப்படித்தான் தட்டும். நான் உள்ள இருந்திருக்கேன்."

லூர்து கையை எடுப்பதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தது. உள்ளே பிலவேந்திரன் மெல்லத் தலையை அசைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கால்களை நீட்டி, மேலே போய்க்கொண்டிருப்பவரைப் போல, வசதியாகச் சாய்ந்துகொண்டார்.